டியூஷன் சேர்க்கும் முன் திருத்திய தாளைக் கேளுங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெற்றோர் கையில் நாலைந்து பிட் நோட்டீஸ் சேர்ந்துவிடும். எல்லாவற்றிலும் ‘அனுபவம் வாய்ந்த ஆசிரியர்கள்’, எல்லாவற்றிலும் ‘தனிக் கவனம்’. முதல் முறையாகப் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பும் வீட்டில் இவற்றுக்குள் எதைப் பார்த்து எதைத் தள்ளுவது என்று தெரியாது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே போகிறதோ அங்கேயே சேர்த்துவிடுகிறார்கள்.

மாலை நேரத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் நான். சேர்க்க வரும் பெற்றோர் ஃபீஸ் கேட்பார்கள், நேரம் கேட்பார்கள், பழைய ரிசல்ட் கேட்பார்கள். கேட்டிருக்க வேண்டிய வேறு சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன். 6 முதல் 10ஆம் வகுப்பு வரை, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் வீட்டில் ஒரு மாலை

“எல்லா சப்ஜெக்ட்டும் வீக் மிஸ்” என்றுதான் வருபவர்கள் ஆரம்பிப்பார்கள். உண்மையில் எல்லாப் பாடத்திலும் வீக்கான பிள்ளை அபூர்வம். கீழ் வகுப்பில் ஏதோ ஓர் இடத்தில் பிடி விட்டுப்போயிருக்கும். அது யார் கண்ணிலும் படாமல் மேலே வந்திருக்கும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. நல்ல ஏற்பாடுதான், அதை மாற்றக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் மார்க் ஷீட்டைக் கவனிக்காத வீடுகளில் ஒன்பதாம் வகுப்புக் காலாண்டு ரிசல்ட் வரும்வரை விஷயமே தெரிவதில்லை.

ஆகவே எந்த சென்டருக்கும் போகும் முன், ஒரு நாள் மாலை பிள்ளையோடு உட்காருங்கள். ஆறாம் வகுப்பு தாண்டிய பிள்ளையாக இருந்தால் 4032-ஐ 8-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். விடை 504. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட 54 என்று எழுதுவதைப் பார்க்கலாம். 40-இல் 8 ஐந்து முறை போகும், சரி. அடுத்து 3-ஐ இறக்கியதும் ‘போகாது’ என்று சொல்லிக்கொண்டே, விடையில் பூஜ்ஜியம் போடாமல் 2-ஐயும் இறக்கிவிடுவார்கள். அடுத்து அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லுங்கள். ஐந்தில் இரண்டு என்று எழுதினால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான், பின்னம் என்றால் என்னவென்றே மனதில் படியவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, வாசிப்பு. இந்த வாரம் பள்ளியில் நடத்திய அறிவியல் பாடத்திலிருந்து ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் என்ன சொல்லியிருக்கிறது என்று அவன் வார்த்தையில் கேளுங்கள். ஆங்கில வழிப் பிள்ளை தமிழில் சொன்னால் போதும். படிக்கவே திணறுகிறான் என்றால் அவனுக்கு வேண்டியது வாசிப்புப் பயிற்சி. அறிவியலுக்குத் தனி டியூஷன் வைத்தால், அங்கேயும் புரியாத பத்தியை மனப்பாடம் செய்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பான்.

இதைச் செய்யும்போது திட்டாதீர்கள், திருத்தவும் செய்யாதீர்கள். அவன் எழுதிய தாளை அப்படியே மடித்து வையுங்கள், பிறகு வேண்டும். இன்னொன்று, போர்டில் எழுதியதைப் பக்கத்துப் பையனைப் பார்த்துத்தான் எழுதுகிறேன் என்று பிள்ளை சொன்னால் முதலில் கண் டாக்டரிடம் போங்கள். கண்ணாடி போட்ட பிறகு மார்க் தானாக ஏறிய பிள்ளைகளை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார்.

வகுப்பாசிரியரைப் பாருங்கள்

இதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. ஆண்டு முழுக்கப் பிள்ளையைப் பார்க்கிறவர் அவர். “மார்க் ஏன் குறையுது” என்று கேட்காதீர்கள், அதற்குப் பொதுவான பதில்தான் வரும். “எந்தப் பாடத்திலே, எந்த மாதிரி கேள்வியிலே தடுமாறுறான்?” என்று கேளுங்கள். காலாண்டுத் தாளைக் கையில் கொண்டு போனால் இன்னும் நல்லது.

அப்படியே பள்ளியிலேயே என்ன கிடைக்கிறது என்றும் விசாரியுங்கள். பல அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குக் காலையிலோ மாலையிலோ சிறப்பு வகுப்பு உண்டு. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையம் உங்கள் தெருப்பக்கம் இப்போது நடக்கிறதா என்று தலைமையாசிரியருக்குத் தெரியும். தன்னார்வலர்கள் நடத்தும் இந்த மையங்களுக்குக் காசு கிடையாது. பொறுமையான ஒரு அக்கா அங்கே கிடைத்துவிட்டால், நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய சென்டர் எதுவும் வேண்டாம்.

பள்ளியில் பாடம் எடுக்கும் அதே ஆசிரியர், மாலையில் தன் வீட்டு டியூஷனுக்கு வரச் சொன்னால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. வராத பிள்ளைக்கு இன்டர்னல் மார்க் குறையும் என்று யாராவது ஜாடையாகச் சொன்னாலும் பயப்பட வேண்டாம். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-இலும் கேட்கலாம்.

எந்த மாதிரி இடம் யாருக்கு

நம் ஊர்களில் டியூஷன் என்ற ஒரே பெயரில் பல விதமான இடங்கள் இருக்கின்றன. தெருவில் ஒரு அக்கா, வீட்டுத் திண்ணையிலோ ஹாலிலோ பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எல்லாப் பாடமும் பார்ப்பது ஒன்று. ஐந்தாம் வகுப்பு வரை இதுதான் சிறந்தது என்பேன். வீட்டுப்பாடம் முடியும், பிள்ளை பழகிய முகத்தோடு இருக்கும், நடந்தே போய்வரும். ஆனால் ஒன்பது, பத்துக்கு வந்ததும் ஒரே ஆள் கணக்கும் அறிவியலும் ஆங்கில இலக்கணமும் அதே தரத்தில் சொல்லிக்கொடுப்பது கஷ்டம்.

ஒரே பாடம் மட்டும் எடுக்கும் ‘கணக்கு சார்’, ‘இங்கிலீஷ் மிஸ்’ அடுத்த வகை. வீட்டில் செய்த சோதனையில் ஓட்டை ஒரே இடத்தில்தான் என்று தெரிந்தால் இவர்களிடம் போங்கள். ஐந்து பாடத்துக்கும் சேர்த்துக் கட்டும் காசைவிட இது குறைவாகத்தான் ஆகும். மூன்றாவது, பல ஆசிரியர்களை வைத்து பேட்ச் பேட்சாக நடத்தும் சென்டர். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், டெஸ்ட் ஒழுங்காக நடக்கும். ஆனால் ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நான்காவதாக நீட், ஜேஇஇ என்று பெயர் போட்ட பெரிய கோச்சிங் நிறுவனங்கள். அவற்றைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். ஆன்லைன் வகுப்பு, தானாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு உதவும். உட்காரவே மாட்டேன் என்கிற பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து வகுப்பு கவனி என்றால் நடக்காது.

மீடியமும் போர்டும் கலந்த பேட்சா என்று அவசியம் கேளுங்கள். தமிழ் வழி, ஆங்கில வழி, சிபிஎஸ்இ மூன்றையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ‘கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதானே’ என்பார்கள். ஒன்றில்லை. பாட வரிசை வேறு, கலைச்சொல் வேறு. தமிழ் வழிப் பிள்ளை மீப்பெரு பொது வகுத்தி என்று புத்தகத்தில் படித்துவிட்டு, இங்கே ஹெச்.சி.எஃப் என்று கேட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லாததால் முழித்துக்கொண்டிருக்கும்.

போய்ப் பார்ப்பது எப்போது, எதை

காலை பதினொரு மணிக்குப் போனால் ஆபீஸ் அறையும் உரிமையாளரும்தான் இருப்பார்கள். மாலை ஆறரைக்குப் போங்கள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும். வெளியே பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். உள்ளே பிள்ளைகள் குரல் கேட்கிறதா? ஆசிரியர் குரல் மட்டும் கேட்கிறதா? சத்தமே இல்லாமல் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தால், என்ன எழுதுகிறார்கள்? கைடைப் பார்த்துக் காப்பி செய்வதும் எழுத்துதான், தானாகக் கணக்கு போடுவதும் எழுத்துதான். வாசலிலிருந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

பிறகு, திருத்திய டெஸ்ட் தாள்களைக் காட்டச் சொல்லுங்கள். பெயரை மறைத்துக்கொண்டு காட்டினால் போதும். நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஃப்ளெக்ஸ், டெமோ கிளாஸ், ஏசி ரூம் எதுவும் சொல்லாததை இந்தத் தாள் சொல்லிவிடும்.

ஒரு உதாரணம். கேள்வி: 15-லிருந்து, அடைப்புக்குள் 6 கழித்தல் 2 என்பதைக் கழி. அதாவது 15 − (6 − 2). விடை 11. பிள்ளை அடைப்பை எடுத்துவிட்டு 15 − 6 − 2 என்று எழுதி 7 என்று முடித்திருக்கிறது. ஒரு சென்டரில் திருத்திய தாளில் அந்த 7-இன் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி, ஓரத்தில் 0, அவ்வளவுதான். இன்னொரு இடத்தில் அதே தப்பு. ஆனால் வட்டம் போட்டிருப்பது விடையில் இல்லை, இரண்டாவது வரியில் உள்ள ‘− 2’ மேல். பக்கத்தில் ‘வெளியே மைனஸ் இருந்தால் உள்ளே குறி என்ன ஆகும்?’ என்று ஒரு வரி. கீழே 20 − (9 − 5) என்று அதே மாதிரி இன்னொரு கணக்கு. அதற்கு அடியில் பிள்ளையின் கையெழுத்தில் 16, அதன் மேல் ஒரு டிக். இரண்டாவது தாளைத் திருத்தியவருக்குப் பிள்ளை எங்கே விட்டது என்று தெரியும், விட்ட இடத்துக்குத் திரும்பி வந்ததா என்றும் பார்த்திருக்கிறார். ஃபீஸ் கொஞ்சம் கூடுதலானாலும் அந்த இடத்தில் சேருங்கள்.

தாளே இல்லை, ‘டெஸ்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புவோம், பிள்ளைகளே மாற்றித் திருத்திக்கொள்வார்கள்’ என்றால் எழுந்து வந்துவிடலாம். ஒரு மார்க் கேள்விக்கு அது சரி. ஐந்து மார்க் கணக்கை இன்னொரு பிள்ளை திருத்த முடியாது.

இப்போது வீட்டில் மடித்துவைத்த தாளை எடுத்து ஆசிரியரிடம் கொடுங்கள். “இவன் இப்படிப் பண்றான், நீங்க எங்கேர்ந்து ஆரம்பிப்பீங்க?” என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் தாளைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், பிள்ளையிடம் நேரடியாக ஒன்றிரண்டு கேள்வி கேட்பார். ‘அதெல்லாம் சரியாயிடும், நீங்க சேர்த்துட்டுப் போங்க’ என்ற பதில் வந்தால், அவர் தாளைப் பார்க்கவில்லை.

பத்தாம் வகுப்புக்கு இன்னொரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். மாநிலப் பாடத்திட்டக் கணக்குத் தேர்வில் ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2 என்று நூறு மார்க். இதில் 28-ஆவதும் 42-ஆவதும் கட்டாய வினா, சாய்ஸ் கிடையாது. பெரும்பாலும் புத்தகத்தில் உள்ளபடி வராமல் சற்றுத் திருப்பிக் கேட்பார்கள். “28, 42-க்கு எப்படிப் பயிற்சி கொடுப்பீங்க?” என்று கேளுங்கள். பாட முடிவில் உள்ள புக் பேக் கேள்விகளை மட்டும் நாலு முறை எழுத வைக்கும் இடத்தில் இதற்குப் பதில் இருக்காது.

அதேபோல எட்டு மார்க் இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும்தான். மிகவும் பின்தங்கிய பிள்ளையை இந்த 16 மார்க்கையும் ஒரு மார்க் கேள்விகளையும் சில இரண்டு மார்க் கேள்விகளையும் வைத்து 35 தாண்ட வைத்துவிடலாம். பிப்ரவரியில் வந்து நிற்கும் பிள்ளைக்கு நானும் அதைத்தான் செய்வேன். ஜூனிலேயே அதை ஆரம்பித்து ‘பாஸ் கேரண்டி பேட்ச்’ என்று நடத்தினால், ஒன்பது மாதம் இருந்தும் பிள்ளைக்குக் கணக்கு சொல்லித்தர அவர்கள் முயலவே இல்லை.

டெமோ கிளாஸ் எடுத்தவரேதான் ஆண்டு முழுக்க எடுப்பாரா என்பதையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரை டெமோவுக்கு மட்டும் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்றால் ‘இருபது’ என்பார்கள். அறைக்குள் எட்டிப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

ஃப்ளெக்ஸில் இருக்கும் முகங்கள்

490, 495 என்று மார்க் போட்டு வரிசையாக முகங்கள் இருக்கும். அந்தப் பிள்ளைகளில் பலர் எங்கே போயிருந்தாலும் அதே மார்க் வாங்கியிருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, “போன வருஷம் நாப்பது, அம்பது மார்க்கோட வந்த பிள்ளைங்க என்ன ஆனாங்க?” அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் அம்மாவிடம் பேச முடியுமா என்றும் கேளுங்கள். சில வீட்டார் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள்.

விளம்பரத்துக்கு இப்போது விதியும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கென்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நூறு சதவீத வெற்றி உறுதி என்ற மாதிரி வாக்குறுதி கொடுக்கக் கூடாது. வெற்றி பெற்ற மாணவரின் படத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் போடக் கூடாது, அந்தச் சம்மதமும் ரிசல்ட் வந்த பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். அவர் எந்த கோர்ஸில் சேர்ந்து படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கடைசி மாதம் டெஸ்ட் சீரிஸ் மட்டும் எழுதியவரை முழு ஆண்டு மாணவராகக் காட்டும் பழக்கத்தைத் தடுக்கத்தான் இந்தக் கடைசி விதி.

ஆறாம் வகுப்பிலிருந்தே ‘நீட் ஃபவுண்டேஷன்’ என்று பிள்ளை பிடிப்பதை நான் வெளிப்படையாகவே எதிர்க்கிறேன். நீட் தேர்வு 11, 12-ஆம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியலில் 180 கேள்வி, 720 மார்க். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னமும் வாசிப்பும் திடமாக இருந்தால், அதுதான் அதற்கான அஸ்திவாரம். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்காக மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டு நெறிகளும், 16 வயது நிரம்பாதவர்களை அல்லது பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களைச் சேர்க்கக் கூடாது என்றே சொல்கின்றன. 50-க்கு மேல் மாணவர் உள்ள மையங்களுக்கானவை அவை. மாநில அரசு எடுத்து அமல்படுத்தினால்தான் கட்டாயமாகும். இருந்தாலும் அதில் உள்ள மற்ற அளவுகளை ஒரு பெரிய சென்டரை எடைபோட நாமே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆசிரியர் குறைந்தது பட்டதாரியாக இருக்க வேண்டும். வகுப்பறையில் ஒரு மாணவருக்கு ஒரு சதுர மீட்டராவது இடம் வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும், அந்த விடுமுறைக்கு மறுநாளே டெஸ்ட் வைக்கக் கூடாது.

ஃபீஸ்

மாதாமாதம் கட்டும் இடத்தையே தேடுங்கள். ஒரு டெர்முக்கு மேல் முன்கூட்டிக் கட்டாதீர்கள். ‘இன்றைக்கே மொத்தமாகக் கட்டினால் டிஸ்கவுண்ட்’ என்பார்கள். அந்த டிஸ்கவுண்ட் போனால் போகட்டும், பிடிக்காவிட்டால் வெளியே வரும் வழி உங்கள் கையில் இருக்கும். பெரிய நிறுவனங்களில் ‘மாதத் தவணைதான் சார்’ என்று சொல்லி ஆதார், பான் நகல் கேட்டால் நிதானியுங்கள். பல நேரம் அது உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். பிள்ளை இரண்டாவது மாதம் நின்றுவிட்டாலும் கடன் நிற்காது.

ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ஜிபே பண்ணினாலும், எந்த மாதத்துக்கு என்று எழுதிய ரசீது தனியாக வாங்குங்கள். கோச்சிங் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அது போடுகிற இடம் என்றால் பில்லில் பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லாமல் வரி மட்டும் சேர்த்து வாங்கினால் கேளுங்கள். மெட்டீரியல், யூனிஃபார்ம், பை என்று தனியாக என்னவெல்லாம் வரும் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். மாநிலப் பாடப் புத்தகங்கள் அரசுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றையே நகலெடுத்து மெட்டீரியல் என்று விற்றால் வாங்க வேண்டாம்.

பாதியில் நின்றால் பணம் திரும்புமா? மேலே சொன்ன 2024 ஜனவரி நெறிகளின்படி, முழு ஃபீஸ் கட்டியவர் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையைப் பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். சென்டரின் சொந்த விதி என்ன என்று சேரும்போதே கேட்டு, விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தையும் படியுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மாடிப்படியும் கழிப்பறையும்

பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் இருக்கப்போகும் கட்டடம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனதை நம்மால் மறக்க முடியாது. 2019 மே மாதம் சூரத்தில் வணிக வளாகத்தின் மேல்தளத்தில் நடந்த பயிற்சி மையத்தில் தீப்பிடித்தபோது, கீழே இறங்க வழியில்லாமல் பிள்ளைகள் மேலிருந்து குதித்தார்கள். 22 பேர் இறந்தார்கள். 2024 ஜூலையில் தில்லியில் ஒரு பயிற்சி மையத்தின் தரைக்கீழ்த் தளத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று பேர் போனார்கள்.

ஆகவே மேலே ஏறும்போதே பாருங்கள். படிக்கட்டு ஒன்றா இரண்டா? படியில் பழைய பெஞ்சும் அட்டைப்பெட்டியும் அடுக்கியிருக்கிறதா? கீழ்க்கதவுக்கு வெளியிலிருந்து பூட்டு போடுகிறார்களா? மொட்டை மாடியில் தகரமோ கீற்றோ போட்டு நடத்தும் வகுப்பில் சேர்க்காதீர்கள். தீயணைப்பான் சுவரில் தொங்கினால் மட்டும் போதாது, அதில் ஒட்டியிருக்கும் தேதியைப் பாருங்கள்.

கழிப்பறையை நேரில் போய்ப் பாருங்கள், உள்ளே தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று போட்டுப் பாருங்கள். பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் நாலு மணி நேரம் அடக்கிக்கொண்டு இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வகுப்பறைக் கதவில் கண்ணாடியோ திறந்த ஜன்னலோ இருக்கட்டும். ஒரு ஆசிரியரும் ஒரு பிள்ளையும் மட்டும் மூடிய அறையில் ‘ஸ்பெஷல் கிளாஸ்’ என்று இருக்கக் கூடாது. இதைச் சேர்க்கும் அன்றே சொல்லிவிடுங்கள். நல்ல ஆசிரியர் யாரும் தப்பாக நினைக்க மாட்டார். ஆசிரியர் பிள்ளையின் போனுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பும் வழக்கம் வேண்டாம், எதுவானாலும் பெற்றோர் இருக்கும் குரூப்பில் வரட்டும். பிள்ளை ஒரு குறிப்பிட்ட ஆள் பெயரைச் சொல்லி அங்கே போக மாட்டேன் என்றால், ‘படிக்கச் சோம்பல்’ என்று தள்ளாமல் உட்கார்ந்து கேளுங்கள். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் இயங்கும்.

நேரக் கணக்கு

நாலரைக்குப் பள்ளி முடிந்து, ஐந்தேகாலுக்கு வீடு வந்து, ஐந்தரைக்குக் கிளம்பி, எட்டரைக்குத் திரும்பும் பிள்ளை எப்போது சாப்பிட்டு, எப்போது வீட்டுப்பாடம் எழுதி, எப்போது தூங்கும்? வாரத்தில் ஆறு நாள் போவதைவிட மூன்று நாள் போய், மூன்று நாள் வீட்டில் தானாக உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது கணக்குக்கு நல்லது. வண்டியில் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும் சென்டர் எவ்வளவு பேர் பெற்றதானாலும் பத்தாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம். மழைக்காலத்தில் பாதி நாள் போக முடியாது. இடையில் வயிற்றுக்கு ஏதாவது போட ஏற்பாடு செய்யுங்கள். பசியோடு ஆறரைக்கு உட்கார்ந்த பிள்ளைக்கு எந்த சார் நடத்தினாலும் ஏறாது.

சேர்த்த பிறகு ஆறு வாரம்

முதல் வாரத்திலேயே மார்க் எதிர்பார்க்காதீர்கள். நோட்டைப் பாருங்கள். தேதி போட்டிருக்கிறதா, தப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தப்பே இல்லாத நோட்டு போர்டைப் பார்த்து எழுதிய நோட்டு. தப்பும், அதன் கீழே திருத்தமும் இருந்தால் வேலை நடக்கிறது. வாரம் ஒரு நாள், “இந்த வாரம் புரியாம இருந்து புரிஞ்சது என்ன?” என்று கேளுங்கள். ஆறாவது வாரம், முதல் நாள் கொடுத்த மாதிரியே, எண்களை மட்டும் மாற்றி, வகுத்தலும் பின்னமும் கொடுத்துப் பாருங்கள். அதே தப்பு அப்படியே இருந்தால் ஆசிரியரிடம் பேசுங்கள். பேசியும் இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் மாற்றிவிடலாம். காலாண்டுக்குள் மாற்றுவது நல்லது. பத்தாம் வகுப்பில் திருப்புதல் தேர்வு ஆரம்பிக்கும் ஜனவரிக்குப் பிறகு மாற்றினால் புது இடத்தில் பாதிப் பாடத்தை முடித்திருப்பார்கள், பிள்ளைதான் திண்டாடும்.

அடிக்கிற இடம், மார்க் குறைந்தால் மற்றப் பிள்ளைகள் முன் பெயர் சொல்லித் திட்டுகிற இடம் என்றால் ஆறு வாரமெல்லாம் வேண்டாம், அன்றே நிறுத்துங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அரையாண்டு தாண்டி, பிள்ளை கணக்கைத் தானாகவே போடுகிறான், சந்தேகம் வந்தால் மட்டும் கேட்கிறான் என்றால் டியூஷனை முழுதாகத் தொடர வேண்டியதில்லை. “இனிமே வாரம் ஒரு நாள் சந்தேகம் கேட்க மட்டும் அனுப்புறோம் சார்” என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் எடுக்கும் ஆசிரியர்கள் பலர் இதற்கு ஒத்துக்கொள்வார்கள், ஃபீஸையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்வார்கள்.